அடித்தட்டில் இருந்த பேரிங்

என் மைத்துனனின் பிக்கப் வண்டி எங்கள் தெருவுக்குத் திரும்பும்போதே நான் வாசலுக்கு வந்துவிடுவேன். வண்டி கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே சத்தம் வந்துவிடும். மாவு மில் வாசலில் நின்றால் காதுக்குள் ஓர் உறுமல் ஓடுமே, அந்த மாதிரி. பின்பக்கத்து இடது சக்கரத்திலிருந்து வந்தது அது. நேராகப் போகும்போது கொஞ்சம் அடங்கியிருக்கும். வலப்பக்கம் ஒடித்தால் ஏறும். எங்கள் பிளாக்குக்கு வர வலப்பக்கம்தான் ஒடிக்க வேண்டும். அதனால் அந்த வண்டி யார் வீட்டுக்கு வருகிறது என்று தெருவில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அந்த வண்டியின் முன் சீட்டில் உட்கார்ந்துதான் என் மகள் சனிக்கிழமைகளில் காடாம்புலியூருக்குப் போவாள். அது என் மனைவியின் ஊர். நான் தெற்கத்திக்காரன், வேலைக்கு வந்த இடத்தில் பெண் எடுத்தவன். மைத்துனன் பலாவும் முந்திரியும் ஏற்றிப்போய் வடலூரிலும் சேத்தியாத்தோப்பிலும் இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் எங்கள் சுரங்க டவுன்ஷிப்புக்குள் வந்து அவளை ஏற்றிக்கொள்வான். ஞாயிறு சாயங்காலம் கொண்டுவந்து விடுவான். அப்போது அவள் பத்தாவது படித்தாள். எங்களுக்கு ஒரே பிள்ளை. அவள் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தியதும் நான் போய் அதைத் திறந்து மறுபடி ஒருமுறை சாத்துவேன்.

"சாத்தியாச்சுப்பா" என்பாள்.

"தெரியும், இருக்கட்டும்" என்பேன்.

எனக்கு எதற்கும் பயம்தான். வண்டி போன பிறகு, பண்ருட்டி ரோட்டில் சக்கரம் தனியாகக் கழன்று வண்டிக்கு முன்னால் உருண்டு ஓடுவது போலவும், அதைப் பார்த்து என் மகள் சிரிப்பது போலவும் ஒரு காட்சி வரும். அவள் சிரிப்பதுதான் அதில் பயங்கரம். அவளுக்கு அது அவள் உட்கார்ந்திருக்கும் வண்டியின் சக்கரம் என்று தெரியாது.

"அந்தச் சக்கரம் சரியில்லடா" என்று மைத்துனனிடம் சொன்னேன்.

"அது பாடுது மாமா. வண்டியில ரேடியோ இல்ல, பாடிக்கினு போவட்டுமே."

"பேரிங் போயிருக்கு."

"போயிருந்தா வண்டி நின்னுருக்கணுமே. நிக்கலயே!"

அவனுக்கு அது பலா சீசன். ஒருநாள் வண்டி நின்றாலும் காய் பழுத்துவிடும். ஆனால் பேரிங் விஷயத்தில் என்னிடம் அவனால் ரொம்பப் பேச முடியாது. நான் மைன்ஸில் ஸ்டோர்ஸ் செக்ஷன். நிலக்கரி கொண்டுபோகும் பெல்ட்டு ஓடுகிற உருளைகளுக்குப் போடும் பேரிங்கிலிருந்து ஆள் உயரப் பேரிங் வரை என் கையால் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். சக்கரத்தின் குரலைக் கேட்டே உள்ளே என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல எனக்குத் தெரியும். அதைக் கழற்றி மாட்டத்தான் தெரியாது.

ஸ்டோர்ஸில் ஒரு வழக்கம் உண்டு. பழையதைக் கொண்டுவந்து கொடுத்தால்தான் புதியது. பழைய கையுறை வந்தால் புதுக் கையுறை, பழைய பல்பு வந்தால் புது பல்பு. மற்றவர்கள் முகம் பார்த்துக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்கள். நான் விட்டுக்கொடுத்ததில்லை. கை துடைக்கிற பஞ்சு வேஸ்ட்டுக்குக்கூடப் பழைய வேஸ்ட் எங்கே என்று கேட்பேன். அதனால் எனக்குப் 'பூட்டு' என்று பெயர். பூட்டு சார் இருக்காரா, பூட்டு சார் லீவா என்று கவுண்ட்டருக்கு வெளியே கேட்டுக்கொள்வது என் காதிலேயே விழும். எனக்கு அதில் உள்ளூரப் பெருமை இருந்தது. என் மகளுக்கும் இருந்தது. "எங்கப்பா பேரு பூட்டு" என்று சிநேகிதிகளிடம் சொல்லியிருக்கிறாள்.

இன்னொரு சொல்லையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எங்கள் மைன்ஸில் 'அடித்தட்டு' என்று கேலியாகச் சொல்வார்கள். டிபன் கேரியரின் கடைசித் தட்டு அது. யாராவது வேலை விட்டு வரும்போது பை கொஞ்சம் கனமாகத் தெரிந்தால், "என்ன சார், அடித்தட்டுல என்ன கொழம்பு?" என்பார்கள். உள்ளே எதுவும் இருக்க வேண்டியதில்லை. கம்பெனிப் பொருளை ஒளித்துக் கொண்டுபோகிறாயா என்று அர்த்தம், விளையாட்டுதான். என்னிடம் மட்டும் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் ஒருவழியாக ஒப்புக்கொண்டு, எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலிலேயே வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கினான். சக்கரத்தின் மேலும் கீழும் கை வைத்து ஆட்டிக் காட்டச் சொன்னேன். ஆட்டினான். சக்கரம் ஆடும் பல்லைப் போல ஆடியது. அவன் முகம் மாறியது.

"ஆமா மாமா" என்றான், குரலை இறக்கி.

சக்கரத்தையும் டிரம்மையும் கழற்றி, உள்ளே போகும் நீளமான இரும்புத் தண்டை உருவினான். அந்தத் தண்டின் மேல்தான் பேரிங் இறுகப் பிடித்திருக்கும். உளி வைத்துத் தட்டி, தட்டி, மத்தியானத்துக்குள் எடுத்துவிட்டான். கெரசினில் கழுவிப் பார்த்தபோது உருளைகள் மேல் அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக இருந்தது. என் மகள் அதை விரலால் தடவிப் பார்த்தாள். "இதுலயா இவ்ளோ நாள் போனோம்?" என்று கேட்டாள். நான் அவள் கையைப் பிடித்துத் துடைத்துவிட்டேன்.

ஒரு பக்கம் மாற்றினால் மறுபக்கமும் மாற்றிவிட வேண்டும், இரண்டு பேரிங் நானே வாங்கி வருகிறேன், அதுவரை வண்டி நகரக் கூடாது என்று சொல்லிவிட்டேன். மைத்துனன் தலையில் கை வைத்துக்கொண்டு பஸ் ஏறினான். ஒரு சக்கரம் இல்லாமல், செங்கல் அடுக்கின் மேல் முட்டுக்கொடுத்து, வண்டி எங்கள் வாசலில் நின்றது.

மறுநாள் ஒரு மணி நேரம் பர்மிஷன் சொல்லிவிட்டு, பழைய பேரிங்கைச் சாம்பிளுக்கு எடுத்துக்கொண்டு வடலூர் போனேன். பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பாய் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்தார். பழையதை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய் இரண்டு டப்பா எடுத்து வந்தார்.

"பழசயும் கூடவே வெச்சிக்குங்க சார். மாட்டும்போது பக்கத்துல வெச்சிப் பாத்துக்கலாம்" என்றார்.

அதே தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் மகளுக்கு ஸ்கூல் யூனிபாரத்துக்கு வெள்ளைத் தாவணித் துணி எடுத்தேன். எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு நேராக வேலைக்குப் போய்விட்டேன். உள்ளே போகும்போது கேட்டில் யாரும் பை பார்ப்பதில்லை. வெளியிலிருந்து ஏதாவது பொருள் கொண்டுபோனால் நாமாகச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். எனக்கு அது தெரியும். நான் கவுண்ட்டரில் உட்கார்ந்து எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அன்று நேரமாகிவிட்டது என்ற பதற்றத்தில் மறந்துபோனேன்.

மத்தியானம் சாப்பிட டிபனை எடுக்கும்போது பார்த்தால், பேரிங் டப்பாவிலிருந்து எண்ணெய் கசிந்து அட்டை ஊறிப்போயிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் வெள்ளைத் துணியில் பிடித்துவிடும். சாப்பிட்டு முடித்து டிபனைக் கழுவியதும், அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு, புதுப் பேரிங் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடித்தட்டில் வைத்தேன். பழையதை நடுத்தட்டில் வைத்தேன். மூடிப் பூட்டினேன். துணி தப்பித்தது என்று நிம்மதியாக இருந்தது. அதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை என்று சொன்னால், அன்று யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். இன்றும் நம்பும்படி எழுத முடியுமா என்று தெரியவில்லை.

சாயங்காலம் சங்கு ஊதியதும் ஜெனரல் ஷிப்ட் மொத்தமும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கேட்டுக்கு வந்தது. எல்லாரையும் நிறுத்த மாட்டார்கள். என்னை நிறுத்தியதே இல்லை. அன்று நின்றிருந்தவர் புதியவர். பூட்டு சார் யார் என்று அவருக்குத் தெரியாது.

"பைய கொஞ்சம் காட்டுங்க சார்."

துணிப் பொட்டலத்தை எடுத்து ஓரமாக வைத்தார். டிபனைத் தூக்கினார். கையிலேயே நிறுத்துப் பார்த்தார்.

"சாப்புடலீங்களா சார்? கனமா இருக்குதே."

திறந்தார். மேல்தட்டு காலி. நடுத்தட்டில் பழையது. அடித்தட்டில் புதியது இரண்டும், எண்ணெய் மினுமினுக்க, குழம்பில் போட்ட பலகாரம் மாதிரி உட்கார்ந்திருந்தன.

"இது என்னங்க சார்?"

வடலூரில் வாங்கினேன் என்று சொல்லியிருக்கலாம். மைத்துனன் வண்டிக்கு என்று சொல்லியிருக்கலாம். இது டேப்பர் பேரிங், இந்த அளவு நம்ம ஸ்டோர்ஸிலேயே கிடையாது என்று சொல்லியிருக்கலாம், அந்தக் கேட்டில் அதைச் சொல்லத் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான். என் வாயிலிருந்து வந்தது இது:

"என்னுது இல்லீங்க."

எத்தனையோ வருடமாக அந்தக் கேட்டில் பிடிபட்டவர்கள் சொல்லக் கேட்ட வார்த்தை. பிடிபட்டவன் முதலில் அதைத்தான் சொல்வான். கேட்டுக் கேட்டு எனக்கும் மனப்பாடமாகியிருந்தது போலிருக்கிறது.

"டிபன் உங்களுதுதானே?"

"டிபன் என்னுது."

"துணி?"

"எம் பொண்ணுக்கு எடுத்தது."

"இது மட்டும் உங்களுது இல்ல."

பின்னால் நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு பரவியது. பெல்ட் செக்ஷனில் வேலை பார்க்கும் ஒருவர், என் பக்கத்து வீட்டுக்காரரும் அவரே, கோயமுத்தூர்ப் பக்கம், சைக்கிள் ஹேண்டிலில் சாய்ந்தபடி சத்தமாகச் சொன்னார்:

"ஏனுங்க சார், பழசும் நீங்களே வெச்சுக்கிட்டீங்க, புதுசும் நீங்களே வெச்சுக்கிட்டீங்க! எங்ககிட்ட மட்டும் பழசைக் கொண்டா, பழசைக் கொண்டான்னு உசுரை வாங்குனீங்களே!"

கேட்டே அதிர்ந்தது. அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் இல்லை. அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது. சந்தோஷமாகச் சிரித்தார்கள். இத்தனை நாள் தனியாக நின்றவன் கடைசியில் வந்து சேர்ந்துகொண்டான் என்கிற மாதிரி.

வேலை போய்விடுமே என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. என் மகளிடம் இதை முதலில் யார் சொல்லப் போகிறார்கள், என்ன வார்த்தையில் சொல்லப் போகிறார்கள் என்பதுதான் தோன்றியது. நான் செக்யூரிட்டி அறைக்குள் போகும்போது பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளில் ஏறிப் போவதைப் பார்த்தேன்.

அறைக்குள் மேலதிகாரியாக இருந்தவர் மரியாதையாகவே நடந்துகொண்டார். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். அங்கே நான் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதெல்லாம் சரிங்க சார். அப்ப ஏன் உங்களுது இல்லன்னு சொன்னீங்க?" என்றார்.

"பதட்டத்துல வந்துடுச்சுங்க."

அவர் தலையாட்டினார். நம்பினாரா, வயதுக்கு மரியாதை கொடுத்தாரா, தெரியவில்லை. பொருள் இன்றைக்கு இங்கேயே இருக்கட்டும், காலையில் உங்கள் ஆபீசர் வந்து பார்க்கட்டும் என்றார். பேரிங்கோடு டிபனும் அங்கேயே நின்றுவிட்டது. துணியைக் கொடுத்துவிட்டார்கள். பேரிங்கைத் தொட்ட கையால் யாரோ அதையும் தொட்டிருக்கிறார்கள். பொட்டலத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த முனையில் கட்டைவிரல் ரேகை கறுப்பாகப் பதிந்திருந்தது.

நான் வீட்டுக்கு வந்தபோது மகள் வாசலில், செங்கல் மேல் நின்ற வண்டியில் சாய்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து சைக்கிளைப் பிடிப்பவள் அன்று அசையவில்லை. தெரிந்துவிட்டது என்று தெரிந்தது.

"டிபன் எங்க?" என்றாள் மனைவி.

"கேட்டுல இருக்கு."

"வூட்டுக்கு வராத டிபன் கேட்டுல என்னா பண்ணுது?" என்று ஆரம்பித்தவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். "மொதல்ல மூஞ்சக் கழுவிக்கினு வாங்க."

காபி குடிக்கும்போது மகள் எதிரே வந்து உட்கார்ந்தாள். வெள்ளைத் துணி மடியில் இருந்தது. கறையைப் பார்த்தாள். அந்த முனையை உள்ளே மடித்துவிட்டாள்.

"அப்பா, எல்லார் முன்னாடியும் என்னுது இல்லன்னு சொன்னீங்களாமே. நெஜமா?"

"ஆமா."

"உங்களுது இல்லன்னா அப்ப யாருது?"

"என்னுதுதான். வடலூர்ல வாங்குனேன். நீயே பழசைப் பாத்தல்ல."

"அதான் கேக்கறேன். உங்களுதுன்னா ஏன் இல்லன்னு சொன்னீங்க?"

"பதட்டம்மா."

"பதட்டம்னா பேச்சு வராது. இல்லன்னு எப்படி வரும்?"

மனைவிதான் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "எடுத்தா எடுத்தேன்னு சொல்லணும், வாங்குனா வாங்குனேன்னு சொல்லணும். ரெண்டுங்கெட்டானா நின்னுகினு இருந்தா சனம் சிரிக்காம என்ன பண்ணும்? விடு பாப்பா, அவர நோண்டாத."

மகள் எழுந்து போய்விட்டாள். அவள் என்னைத் திருடன் என்று நினைக்கவில்லை. நினைத்திருந்தால் நிரூபித்துக் காட்டியிருப்பேன். அவள் கேட்டது வேறு.

காலையில் எனக்குச் சாப்பாடு கட்டப் பாத்திரம் இல்லை. மகள் தன்னுடைய ஸ்கூல் டிபன் பாக்ஸை எடுத்து அம்மாவிடம் கொடுத்தாள். "அப்பாவுக்கு இதுல கட்டு. எனக்கு எலயில மடிச்சுக் குடு." மூடியில் அவள் இங்க் பேனாவால் வரைந்து அழித்த பூ ஒன்று இருந்தது. அதைப் பையில் வைத்துக்கொண்டு அந்தக் கேட்டைத் தாண்டுவது நேற்றைய சிரிப்பைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஆபீசர் வந்து பேரிங்கை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"இது வண்டிச் சக்கரத்துக்குப் போடற டேப்பர் பேரிங். நம்மகிட்ட இந்த சைஸ் ஏதுய்யா? நீரு ஸ்டோர்ஸ் ஆளு. நேத்தே சொல்லியிருந்தா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். ஏன்யா சொல்லல?"

"பதட்டம் சார்."

"நல்ல பதட்டம்" என்று சொல்லிவிட்டு, செக்யூரிட்டியிடம் பேசி அன்றைக்கே முடித்துவைத்தார். டிபனும் பேரிங்கும் கைக்கு வந்தன. புதிதாக வந்த அந்தக் கேட்டுக்காரர், "மன்னிச்சுக்குங்க சார், தெரியாம நிறுத்திட்டேன்" என்றார். நிறுத்தியதில் தப்பே இல்லை என்று அவரிடம் சொன்னேன். அதையாவது சரியாகச் சொன்னேன்.

ஆனால் மாட்டிக்கொண்ட செய்தி சைக்கிளில் போனது, விடுபட்ட செய்தி நடந்துதான் போனது. அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் வாசலுக்கு வந்தார். பத்து வருடப் பழக்கத்தில் அவர் எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது அன்றுதான். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நல்லவேளைங்க சார், தப்பிச்சீங்க. ஆபீசர் தங்கமான மனுசன்."

"தப்பிக்கலைங்க. அது நான் வாங்குனது."

"அட, எங்கிட்ட எதுக்குங்க!" என்று என் தொடையில் தட்டினார். "ஒண்ணு மட்டும் சொல்றேன், தப்பா நெனைக்கக் கூடாது. இத்தனை வருசம் உள்ள இருக்கீங்க, டிபன்ல போயி வைப்பாங்களா சார்? கொழந்தைகூட வைக்காது."

மகள் அவருக்கு மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றாள். நான் மறுபடியும் சொல்லியிருக்க வேண்டும். அவர் சிரித்தார். அவர் மனம் கோணக் கூடாது என்பது போல நானும் கொஞ்சம் சிரித்துவிட்டேன். டம்ளரை எடுத்துக்கொண்டு மகள் உள்ளே போனாள்.

அந்த வாரம் முழுக்க எல்லாரும் என்னிடம் பிரியமாக இருந்தார்கள். கவுண்ட்டரில் பூட்டு என்ற பேச்சே இல்லை. பழையதைக் கொண்டுவாருங்கள் என்று நான் சொன்னால், சரிங்க சார், சரிங்க சார் என்று கண்ணைச் சிமிட்டினார்கள். ஒருவர்கூட என்னைக் குறை சொல்லவில்லை. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். "உங்கப்பா தப்பிச்சிட்டாராமேன்னு கேக்கறாங்க" என்று மகள் ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். நீ என்ன சொன்னாய் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் வந்தான். விஷயம் அவனுக்குக் காடாம்புலியூரிலேயே வந்து சேர்ந்திருந்தது.

"என்னா மாமா, சும்மா கெடந்த சக்கரத்துக்குப் பேரிங் வாங்கப்போயி ஊருக்கே படம் காட்டிட்டீங்க!"

அவன் அக்கா அவனை ஒரு பார்வை பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு வலது சக்கரத்தையும் கழற்றினான்.

புதுப் பேரிங் அந்தத் தண்டில் சும்மா ஏறாது. அவ்வளவு இறுக்கம். அடித்து ஏற்றினால் கெட்டுவிடும். எண்ணெயில் போட்டுச் சூடாக்கினால் வளையம் மயிரிழை விரியும், அந்த நேரத்தில் சட்டென்று போட்டுவிட வேண்டும். மைத்துனன் சமையலறைக்குள் போய் இரும்புக் கடாயைத் தூக்கி வந்து, வாசலில் ஸ்டவ்வைப் பற்றவைத்து, என்ஜின் ஆயிலை ஊற்றினான்.

"அடப்பாவி, எங் கடாயி! இனிமே இதுல நான் வடை சுடவா?"

"சுடுக்கா, வடை சத்தமே இல்லாம உருளும்."

ஒரு வாரத்தில் முதல்முறையாக என் மகள் சிரித்தாள். எண்ணெயில் பேரிங் கிடப்பதை எட்டிப் பார்த்தாள். முதலாவதை மைத்துனன் இடுக்கியில் எடுத்தான், தண்டில் விட்டான், கிணற்றில் வாளி இறங்குவது போல வழுக்கிப் போய் அதன் இடத்தில் உட்கார்ந்தது. இரண்டாவதை நான் போடுகிறேன் என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. மகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடுத்ததும் போட்டுடணும் மாமா. நின்னீங்கன்னா பாதியில புடிச்சிக்கும்."

எடுத்தேன். தண்டின் வாயில் சரியாகத்தான் வைத்தேன். நேராக இருக்கிறதா என்று ஒரு கணம் குனிந்து பார்த்தேன். அவ்வளவுதான். பாதி வழியில் கவ்விக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. மைத்துனன் ஒரு குழாய்த் துண்டைத் தேடி எடுத்து, உள்வளையத்தின் மேல் வைத்து, பதமாகத் தட்டித் தட்டி இறக்கினான். கெடாமல் வந்துவிட்டது. "ஒண்ணும் ஆவல மாமா, ஒண்ணும் ஆவல" என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னான்.

எல்லாம் பூட்டி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. ஓட்டிப் பார்க்க நாங்கள் மூன்று பேரும் முன் சீட்டில் ஏறினோம், மகள் நடுவில். அவள் அந்தப் புது வெள்ளைத் தாவணியைத்தான் கட்டியிருந்தாள். அவள் அம்மா இரண்டு தடவை வெந்நீரில் போட்டும் கறை முழுதும் போகவில்லை. மங்கலாக இருந்த முனையை இடுப்புக்குள் செருகியிருந்தாள்.

வண்டி கிளம்பியது. உறுமல் இல்லை. வலப்பக்கம் ஒடித்தான். அப்போதும் இல்லை. தெருமுனை மதகுக் கட்டையில் பக்கத்து வீட்டுக்காரரும் இன்னும் நான்கைந்து பேரும் உட்கார்ந்திருந்தார்கள். கையைக் காட்டி நிறுத்தினார்கள்.

"சத்தமே காணோமே சார்! மாட்டியாச்சுங்களா?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். ஜன்னலில் கை வைத்துக் குனிந்து, கண்ணைச் சிமிட்டி, "அடித்தட்டுச் சரக்கு, அதான் இவ்ளோ நைஸா ஓடுது" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். என் முகமும் சிரிப்பதற்குத் தயாராகிக்கொண்டிருந்தது. உதடு விரிவது எனக்கே தெரிந்தது. மகளின் தோள் என் தோளை ஒட்டி இருந்தது. அவள் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே நேராகப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"என்னுதுங்க" என்றேன்.

அளவுக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது. குரல் உடைந்திருந்தது. "அது என்னுது. நான் வாங்குனது. எம் பொண்ணு போற வண்டின்னு நான் வாங்குனது. என்னுது."

மதகில் சிரிப்பு நின்றது. விளையாட்டுக்குக் கேட்டவரிடம் ஒருவன் இப்படிக் கத்தினால் என்ன செய்வார்கள்? ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். "செரிங்க சார். சும்மாதான் கேட்டேன்" என்றார். அவர் முகம் சின்னதாகிவிட்டது. அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்குள் வந்து உட்காரவே இல்லை.

ஒரு சுற்றுப் போய்த் திரும்பினோம். வீட்டு வாசலில் நான் இறங்கினேன். மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு ஏதோ லீவு, அதனால் அவள் அப்படியே மாமாவோடு காடாம்புலியூருக்குப் போவதாக இருந்தது. கதவை அவளே சாத்திக்கொண்டாள். நான் கையை நீட்டவில்லை. ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாள்.

"இத அன்னிக்குச் சொல்லியிருக்கணும்பா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கணக்கில் ஒரு வரி விட்டுப்போனதைக் காட்டுகிற மாதிரி சொன்னாள்.

நாலைந்து வருடம் ஆகிறது. அவள் இப்போது காலேஜ் ஹாஸ்டலில் இருக்கிறாள். அந்த விஷயத்தை அவள் மறுபடி பேசியதில்லை. நான் இன்றும் கேட்டில் யாரும் கேட்பதற்கு முன்பே டிபனைத் திறந்து தட்டுத் தட்டாகக் காட்டிவிடுகிறேன். வேண்டாம் சார், போங்க சார் என்கிறார்கள். காட்டிவிட்டுத்தான் போகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வண்டி கிளம்பியதும் வழக்கம் போல வாசலில் நின்றேன். முன்பெல்லாம் உறுமலை வைத்தே வண்டி எந்தத் திருப்பத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். மெயின் ரோடு ஏறி, சத்தம் தேய்ந்து, மறையும் வரை நின்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவேன். அன்று தெருமுனை தாண்டியதும் ஒன்றும் கேட்கவில்லை. போய்விட்டார்களா, இன்னும் பக்கத்தில்தான் இருக்கிறார்களா என்று தெரியாமல் நான் நின்றுகொண்டே இருந்தேன்.